வடநெம்மேலிப் பானைகளும் உங்கள் கொள்முதல் ஆணையும்

பெறுநர்: பாம்புக்கடி விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்களின் நிர்வாக இயக்குநர்கள்
பார்வைக்கு: தமிழ்நாடு அரசின் தொழில் வணிகத் துறை, வனத் துறை, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

முப்பத்தோராண்டுகள் கூட்டுறவுத் தணிக்கைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பால் உற்பத்தியாளர் சங்கம், நெசவாளர் சங்கம், தொடக்க வேளாண்மைக் கடன் சங்கம் என்று பேரேடுகளோடுதான் என் காலம் கழிந்தது. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவு சங்கத்தின் கணக்கை நான் ஒருநாளும் தணிக்கை செய்ததில்லை. அந்தச் சங்கத்தோடு எனக்குக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. யார் சொல்லி எழுதுகிறான் என்ற கேள்வி எழும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் நிறுவனங்கள் ஹைதராபாத்திலும் புனேயிலும் மும்பையிலும் இயங்குகின்றன. குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக நஞ்சேற்றி, அவற்றின் குருதிநீரிலிருந்து எதிர்ப்புப் பொருளைப் பிரித்து, குப்பியில் அடைத்து நாடெங்கும் அனுப்புகிறீர்கள். அந்த நஞ்சில் பெரும்பகுதி பல்லாண்டுகளாகச் செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில், 1978-இல் பதிவான ஒரு பழங்குடியினர் சங்கத்திலிருந்து வருகிறது. இத்தனை ஆண்டு உறவுக்குப் பிறகும் உங்கள் ஏடுகளில் அந்தச் சங்கம் சரக்கு தருவோர் பட்டியலில் ஒரு வரியாகவே இருக்கிறது. கொள்முதல் ஆணை வந்தால் நஞ்சு போகும், பணம் வரும். ஆணை வராவிட்டால் நஞ்சு குளிர்பெட்டியில் கிடக்கும், உறுப்பினர் வேறு கூலிக்குப் போவார். ஆணைக்கு ஆணை என்ற இந்த ஏற்பாட்டை விட்டு, இருளர் சங்கத்தைத் தொழிற்கூட்டாளியாக ஏற்று எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள் என்று கேட்பதற்காகவே இம்மடல்.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்தை ஒட்டிய சிற்றூர். அறுவடை முடிந்ததும் வரப்பில் எலி வளை வெட்டுவதற்கு என் தகப்பனார் ஓர் இருளர் தம்பதியை வரச்சொல்வார். அந்த அம்மாள்தான் முன்னால் நடப்பார். ஒரு வளையின் வாயைக் குனிந்து பார்த்து, அதில் சிலந்தி நூல் கட்டியிருந்தால், "இது பழசு சாமி, ஒண்ணும் இல்ல" என்று நகர்ந்துவிடுவார். இன்னொரு வளையின் விளிம்பு மட்டும் வழவழப்பாக இருக்கும். எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அங்கே அவர் நின்றால், பின்னால் வரும் கணவர் கடப்பாரையைப் பக்கவாட்டில் பாய்ச்சி, மண்ணைக் கையாலேயே வாரி வாரி எடுத்து, கடைசியில் வாலைப் பிடித்து ஒரு நாகத்தை வெளியே இழுப்பார். கோலும் இல்லை, கையுறையும் இல்லை. என் தகப்பனாரைவிட வயதில் மூத்த அந்த அம்மாள் அவரைச் சாமி என்று அழைத்ததும், சிறுவனாகிய நான் அந்த அம்மாளைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைத்ததும் அன்று எனக்கு உறுத்தவில்லை. இன்று உறுத்துகிறது. நான் கேட்கும் கூட்டாண்மை அந்த அழைப்பு முறை மாறுவதில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் சொந்தக் கதையை இங்கே எழுதினேன்.

அந்த அறிவுக்கு அன்று ஒரே ஒரு வாங்குபவர்தான் இருந்தார். அவர் தோல் வியாபாரியின் ஆள். பாம்புத் தோல் சென்னை வழியாக வெளிநாடு போய்க் கைப்பையாகவும் காலணியாகவும் மாறியது. பிடித்துக் கொடுத்தவருக்குக் கிடைத்தது சில்லறை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. காட்டுயிருக்கு அது நன்மையாயிற்று. அந்தத் தொழிலை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்களுக்கோ பிழைப்பு ஒரே நாளில் குற்றமாயிற்று. அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் கூப்பிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர்களின் வரலாறு இம்மாவட்டங்களில் யாரும் அறியாததன்று. இந்நிலையில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் அவரோடு இருந்தவர்களும், பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து விற்கலாம் என்ற வழியைக் காட்ட, இருளர்கள் தங்கள் பெயரிலேயே ஒரு கூட்டுறவு சங்கத்தைப் பதிவு செய்தார்கள். வெளியிலிருந்து வந்த யோசனைதான். ஆனால் அது நிலைத்தது பாம்பைக் கண்டறியும் கண் அவர்களுடையது என்பதால். இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள், பெண்களும் உறுப்பினர்கள்.

உங்களில் எத்தனை பேர் அந்த இடத்தை நேரில் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள், கூரை வேய்ந்த கொட்டகையின் கீழ் மணல் பரப்பில் மண்பானைகள் வரிசையாக நிற்கும். பானையின் பாதிவரை மணல். வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருப்பார்கள். காற்றுப் புகும், பாம்பு வெளியே வராது, உள்ளே குளிர்ச்சி தங்கும். மண்பானைக்கு ஈடாக வேறொன்றை அங்கே இதுவரை யாரும் கொண்டுவந்து வைத்ததாகத் தெரியவில்லை. பிடிக்க அனுமதிக்கப்பட்டவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு மட்டும். எத்தனை பிடிக்கலாம் என்பதை வனத்துறையின் உரிமம் வரையறுக்கிறது. பானையில் மூன்று நான்கு வாரங்கள் இருக்கும் பாம்பிடமிருந்து வாரத்துக்கு ஒருமுறை நஞ்செடுத்தபின், அடிவயிற்றுச் செதிலில் ஒரு சிறு அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுகிறார்கள். சில முறை சட்டை உரித்த பிறகு அந்த அடையாளம் மறையும். அதற்குள் அதே பாம்பு மீண்டும் கையில் கிடைத்தால் அதைத் தொடுவதில்லை. பிறர் வெளியிலிருந்து வந்து மேற்பார்வை செய்து பெறும் ஒழுங்கை இவர்கள் ஒரு கத்தரியால் நடத்துகிறார்கள்.

நஞ்செடுக்கும் காட்சியைச் சுற்றுலாப் பயணிகள் கைதட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அங்கே நினைவில் நின்றது கண்ணாடிக் குவளையின் அடியில் தேங்கிய அளவுதான். சுருட்டைவிரியனிடம் ஒருமுறைக்குச் சில மில்லிகிராம் கிடைத்தால் அதிகம். ஒரு கிராம் உலர்ந்த தூள் சேர நூறு தடவைக்கு மேல் அந்தச் சின்னஞ்சிறு பாம்பைப் பிடித்து, அதன் வாயைத் திறக்க வேண்டும். நூறு தடவை என்பது நூறு தடவையும் கை தவறாமல் இருப்பது. கொள்முதல் ஆணையில் "ஒரு கிராம்" என்று தட்டச்சு செய்பவருக்கு இது தெரிந்திருந்தால் நல்லது.

அந்தத் தூள் போய்ச் சேரும் இடத்தையும் சொல்ல வேண்டும். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் இறப்பைப் பாதியாக்கும் தேசியச் செயல்திட்டத்தை இந்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. என் சித்தப்பா மகனைக் கண்ணாடிவிரியன் கடித்தபோது அரசு மருத்துவமனையில் அவன் இரத்தத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசையாமல் வைத்திருந்து, பிறகு சாய்த்துப் பார்த்தார்கள். உறையவில்லை, தண்ணீர் போல ஓடியது. அடுத்து ஏறிய பத்துக் குப்பி மருந்தின் அட்டையில் உங்கள் நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தது. வடநெம்மேலியின் பெயர் இல்லை. ஆவின் பொட்டலத்தைப் பார்க்கும்போது பால் ஊற்றுகிற சங்கங்கள் நினைவுக்கு வருகின்றன. நாற்பது ஆண்டுகளாக நாட்டுக்கு நஞ்செடுத்துக் கொடுப்பவர்களுக்கு அட்டையில் ஒரு வரி இடமில்லை.

இனித் தணிக்கையாளனாகப் பேசுகிறேன். ஒரே சரக்கு, விரல்விட்டு எண்ணக்கூடிய வாங்குபவர்கள், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய உரிமம் என்ற மூன்றும் சேர்ந்த எந்தச் சங்கமும் தன் காலில் நிற்பது கடினம். இப்பருவத்தில் எவ்வளவு வாங்குவீர்கள் என்று தெரியாமல் எத்தனை பாம்புக்கு அனுமதி கேட்பது என்று சங்கத்தால் முடிவெடுக்க இயலாது. அனுமதி தாமதமானால் உங்கள் ஆணையை நிறைவேற்ற இயலாது. நிறைவேற்றாவிட்டால் அடுத்த ஆணை சுருங்கும். ஆணை இல்லாத மாதங்களில் பார்வையாளர் கட்டணமே கைகொடுக்கிறது. 2020-இல் பொதுமுடக்கம் வந்தபோது அதுவும் நின்றது. குளிரூட்டி உலர்த்திய நஞ்சு கெடாது என்பது உண்மைதான். ஆனால் குளிர்பெட்டியில் இருக்கும் சரக்குக்கு எதிராக உறுப்பினர் வீட்டில் உலை வைக்க முடியாது. இருப்புநிலைக் குறிப்பில் அது சொத்து. பாம்பு பிடித்தவருக்கு அது வராத கூலி.

உங்கள் தரப்பையும் நான் அறியாதவன் அல்லன். விஷமுறிவு மருந்து விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது; குப்பிக்கு என்ன விலை வைக்கலாம் என்பதை நீங்கள் தனியாக முடிவு செய்ய இயலாது. அரசு ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த விலைக்கே ஆணை போகிறது. ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் நாக நஞ்சையும் 0.45 மில்லிகிராம் கட்டுவிரியன் நஞ்சையும் முறிக்க வேண்டும் என்று தரநிலை இருக்கும்போது, வரும் நஞ்சின் தரத்தில் ஏற்ற இறக்கம் இருந்தால் இழப்பு உங்களுக்குத்தான். எந்தப் பாம்பு, எந்த இடம், எந்த நாள் என்று ஒவ்வொரு தொகுதிக்கும் தடம் காட்டும் பதிவை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு நெறிகள் எதிர்பார்க்கின்றன. இவை நியாயமான கவலைகள். ஆனால் தரம் போதவில்லை என்று சொல்லி வேறு வழி தேடுவதும், தரத்தை உயர்த்தும் முதலீட்டில் பங்கெடுப்பதும் ஒன்றல்ல. நாற்பது ஆண்டுகள் ஒரே கிணற்றில் நீர் இறைத்துவிட்டு, கைப்பிடிச் சுவர் கட்டப்படவில்லை என்று கிணற்றைக் குறை கூறுவது எப்படி முறையாகும்?

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. தமிழ்நாட்டுப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து, நாட்டின் பிற பகுதிப் பாம்புகளின் கடிக்கு ஒரே அளவில் வேலை செய்வதில்லை என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே இனமானாலும் நிலத்துக்கு நிலம் நஞ்சின் கலவை மாறுகிறது. ஆகவே வட்டாரந்தோறும் நஞ்சு சேகரிக்க வேண்டும் என்ற குரல் வலுத்து வருகிறது. அது சரியான குரல். ராஜஸ்தானத்து உழவர் பிழைக்க வேண்டுமானால் அந்த மண்ணின் பாம்பு நஞ்சும் குதிரைக்குப் போக வேண்டும். இருளர் சங்கத்தின் வருமானத்துக்காக அதைத் தடுக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. என் கேள்வி, புதிய நிலையங்கள் வரும்போது அவற்றை யார் நடத்துவார்கள் என்பதே. அப்பகுதிகளில் பாம்பறிந்த பழங்குடிகளைச் சேர்த்து, இருளர்களைப் பயிற்றுநர்களாகவும் பங்குதாரர்களாகவும் கொண்டு வட்டாரச் சங்கங்களை அமைக்கலாம். அல்லது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பாம்புக்கூடம் கட்டி, பிடிப்பவரை நாட்கூலியாக வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது வழி உங்களுக்கு எளிது. அது தோல் வியாபாரியின் காலத்துக்குத் திரும்பும் வழி. வாங்கும் பொருள் மட்டும் வேறு.

இருளர்கள் பயிற்றுநர்களாக முடியுமா என்று ஐயப்படுவோருக்கு ஒரு செய்தி. 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க அங்குள்ள பல்கலைக்கழகத்தார் அழைத்தது மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும்தான். முன்பின் பார்த்திராத நிலத்தில், முன்பின் பார்த்திராத புல்வெளியில், சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளைத் தேடிக் கொடுத்தார்கள். 2023-இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கியது. புளோரிடாவில் அவர்கள் வல்லுநர்கள். நம் கொள்முதல் ஏட்டில் சரக்கு தருவோர்.

பழங்குடி அறிவையும் தொழில் நிறுவனத்தையும் இணைத்துப் பார்த்த முன்னுதாரணம் நமக்குப் பக்கத்து மலையிலேயே உண்டு. அதன் வெற்றியைவிட அதன் சறுக்கலே நமக்குப் பாடம். அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் 1987-இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிச் சென்ற காணிக்காரர்கள் களைப்பே அறியாமல் ஏறினார்கள்; அவர்கள் மென்ற சிறு காய் ஆரோக்கியப்பச்சை என்ற செடியினுடையது. அதிலிருந்து பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் "ஜீவனி" என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் கோவை ஆர்ய வைத்திய மருந்தகத்துக்கு 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் வழங்கியது. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. 1997-இல் அதற்கென்று ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. உலகமே மெச்சியது. ஆனால் செடி வளர்வது வனத்துறையின் நிலத்தில். அங்கே இலை பறிப்பதற்கும் பயிரிடுவதற்கும் துறையின் இசைவை முன்னதாக யாரும் உறுதிசெய்து வைக்கவில்லை. இலை தடைப்பட்டது, உற்பத்தி தடுமாறியது, உரிமக் காலம் முடிந்தபின் அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. விழுக்காட்டைப் பேசியவர்கள் உற்பத்தியில் காணிகளின் இடம் எது என்பதையும் வனத்துறையின் கையெழுத்தையும் ஒரே தாளில் கொண்டுவரவில்லை. இம்மடலை உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் அரசுத் துறைகளின் பார்வைக்கும் வைப்பதன் காரணம் இதுவே.

தொலைவில் ஓர் எடுத்துக்காட்டையும் சொல்கிறேன். கனடாவின் கிழக்குக் கரையில் வாழும் மிக்மாக் பழங்குடிகளின் மீன்பிடி உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1999-இல் உறுதிசெய்தும், 2020-ஆம் ஆண்டுவரை கரையில் சண்டை ஓயவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் மெம்பர்டூ முதலிய மிக்மாக் சமூகங்கள் சேர்ந்து, நோவா ஸ்கோஷியாவின் பெரிய கடலுணவு நிறுவனமான கிளியர்வாட்டரில் சரிபாதியை வாங்குவதாக அறிவித்தன. மறுபாதியை ஓர் உணவு நிறுவனம் எடுத்துக்கொண்டது. மொத்த மதிப்பு 100 கோடி கனடிய டாலர். 2021 ஜனவரியில் கைமாறியது. அவர்களுக்கு அந்தப் பணம் கிடைத்தது பழங்குடிச் சமூகங்கள் ஒன்றுசேர்ந்து கடன் திரட்டுவதற்கென்று சட்டத்தின்வழி அமைந்த நிதி ஆணையத்திலிருந்து, நீண்டகாலக் கடனாக. நிறுவனத்தை வாங்கியதால் சிறு படகுக்காரரின் சிக்கல் தீர்ந்துவிடவில்லை என்று குறை சொல்பவர்கள் மிக்மாக்குகளிலேயே உண்டு. அதை நான் ஏற்கிறேன். அந்த அளவு முதலீட்டை வடநெம்மேலியிலிருந்து யாரும் எதிர்பார்க்கவும் முடியாது. ஆயினும் மீன் விற்றவர்கள் மீன் நிறுவனத்தின் உரிமையாளராக அமர முடிந்தது என்பதும், அதற்கு அரசு ஒரு நிதி வழியைத் திறந்து வைத்திருந்தது என்பதும் இங்கே எண்ணிப் பார்க்கத் தக்கவை.

நான் கேட்பது அதைவிட மிகச் சிறியது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, இனவாரியாக இவ்வளவு கிராம் என்று குறைந்தபட்ச அளவை உறுதிசெய்யும் கொள்முதல் ஒப்பந்தம் வேண்டும். பருவம் தொடங்கும்போதே அதில் ஒரு பகுதியை முன்பணமாகத் தாருங்கள். நெசவாளர் சங்கத்துக்கு நூல் கொடுத்துச் சேலை வாங்கும் ஊரில் இது புதுமையன்று. அந்த ஒப்பந்தத்தைக் காட்டிச் சங்கம் வனத்துறையிடம் அனுமதி கேட்கும்போது, ஆண்டுக்கு ஆண்டு ஊகத்தில் எண்ணிக்கை முடிவு செய்யும் தொல்லை துறைக்கும் இராது.

அடுத்தது முதலீடு. உலர்த்துவது, தரம் பார்ப்பது, தடப்பதிவு வைப்பது ஆகிய வேலைகளுக்கென்று வடநெம்மேலியை ஒட்டியே ஓர் ஆய்வுக்கூடத்தைக் கூட்டு நிறுவனமாக அமைத்து, அதில் சங்கத்தின் பங்கை அதன் உரிமம், திறன், நாற்பதாண்டு நற்பெயர் ஆகியவற்றுக்கு மதிப்பிட்டு ஒதுக்குங்கள். இருளர் பிள்ளைகளில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் இருக்கிறார்கள்; சாதிச் சான்றிதழுக்கு அலைந்து கல்லூரியைத் தவறவிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஆய்வுக்கூட நுட்பர்களாகப் பயிற்றுவித்தால், பாம்பைப் பார்க்கும் கண்ணும் பதிவேட்டைப் பார்க்கும் கண்ணும் ஒரே வீட்டில் இருக்கும். சங்கம் பங்கு வைத்துக்கொள்ளப் பதிவாளரின் ஒப்புதல் வேண்டியிருக்கும். தொழில் வணிகத் துறை மனம் வைத்தால் அது சில மாத வேலை. சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து புத்தகப்பையும் தையல் எந்திரமும் கொடுப்பதை நான் குறைவாகச் சொல்லவில்லை. கொடுங்கள். ஆனால் அதை இதோடு சேர்த்துக் கணக்கெழுதாதீர்கள். அது தர்மம், இது வியாபாரம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி உயிரியல் வளத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தும் இந்திய நிறுவனங்களுக்கும், அந்த வளத்தைக் காத்துவரும் மக்களோடு பலனைப் பகிரும் கடமை உண்டு என்று 2018 டிசம்பரில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நஞ்சை அதில் எந்த வகையில் சேர்ப்பது என்று வழக்கறிஞர்கள் வாதிடட்டும். வழக்கு வந்து கொடுப்பதைவிட ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுப்பது உங்களுக்கே மலிவு.

மருத்துவப் பணிகள் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். விஷமுறிவு மருந்தை மொத்தமாக வாங்குவது நீங்கள். ஆகவே சாவி உங்கள் கையில். மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை, அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்தும், அதற்குள் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களிடமிருந்தும் பெற வேண்டும் என்கிறது. அந்த ஆணை தனியார் மருந்து நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் ஒப்பந்தப்புள்ளியில், நஞ்சின் மூலத்தைத் தெரிவிக்க வேண்டும் என்றும், பழங்குடிச் சங்கத்தோடு பல்லாண்டு ஒப்பந்தம் உள்ள நிறுவனத்துக்கு மதிப்பெண் கூடுதல் என்றும் இரண்டு வரி சேர்ப்பதற்கு எந்தத் தடையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நியாயமான நஞ்சு விலையால் குப்பிக்குச் சிறிது செலவு கூடினால், அதை ஏற்பதற்கும் அந்த வரிகளே காரணம் காட்டும்.

கடைசியாக, ஒப்பந்தத்தின் மொழி. பல ஆண்டுகளுக்கு முன் நான் தணிக்கைக்குப் போன ஒரு நெசவாளர் சங்கத்தில், ஏற்றுமதி வியாபாரி ஒருவரோடு செய்த ஆங்கில ஒப்பந்தத்தைப் பார்த்தேன். பதினொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தலைவர் தமிழில் கையெழுத்திட்டிருந்தார். ஒன்பதாம் பக்கத்தில், அனுப்பிய சரக்கை 180 நாட்களுக்குள் காரணம் கூறாமல் திருப்பி அனுப்பலாம் என்று ஒரு வரி. அந்த ஆண்டு அறுபது சேலைகள் திரும்பி வந்திருந்தன; மடிப்பில் சரிகை கறுத்திருந்தது. "இந்த வரி இருப்பது தெரியுமா ஐயா?" என்று கேட்டேன். தலைவர் தாளை வாங்கி, அந்த வரியின்மேல் விரலை வைத்துப் பார்த்தார்; பிறகு, "நல்ல தாளா இருந்திச்சி சார்" என்றார். அன்று தணிக்கைக் குறிப்பில் இழப்பின் தொகையை எழுதினேன். அந்தப் பதிலை எழுத அதில் இடமில்லை.

ஆகவே, வரைவைத் தமிழில் எழுதி, சங்கத்தின் பொதுக்குழுவில் உரக்கப் படித்து, உறுப்பினர்கள் கேள்வி கேட்க நாள் கொடுத்து, அதன் பிறகே கையெழுத்து வாங்குங்கள். விலையைப் பேசும்போது எதிரே அமர்வது தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுவாக இருக்கட்டும். அவர்களுக்காகப் பேச அதிகாரியோ, தொண்டு நிறுவனத்தாரோ, என் போன்ற ஓய்வூதியக்காரனோ வேண்டியதில்லை.

அடுத்த பருவத்துக்கான உரிமம் வழங்கப்படும் முன் ஒருநாள் வடநெம்மேலிக்கு வாருங்கள். கொள்முதல் அலுவலரை அனுப்பாமல், கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவரே வரட்டும். விடுமுறை நாளில் வந்தால் கூட்டத்தில் ஒருவராக நின்று வேடிக்கை பார்த்துத் திரும்ப நேரும். வேலை நாளில் வந்தால் பானைத் துணியை அவிழ்ப்பவரோடு அமர்ந்து பேசலாம். வரும் தேதியைச் சங்கத் தலைவருக்கு எழுதித் தெரிவியுங்கள். நகல் எனக்கு வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர்,
திருக்கழுக்குன்றம் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்